அஜின்கோர்ட்டில் ஒரு கதியால் வேலி

எந்தச் செடியைக் கண்டாலும் என் வீட்டுக்காரருக்கு அது ஊரிலேயே பழக்கமான செடிதான். ரொறன்ரோவுக்கு, இந்த அஜின்கோர்ட் பகுதிக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்தக் குணம் போகவில்லை. பூங்காவில் நடக்கப் போனால் புல்லுக்குள் நிற்கும் ஏதோ ஒன்றைக் காட்டி, "உது சாரணை" என்பார். பக்கத்து வீதியில் யாரோ அழகுக்கு வைத்த செடியைக் காட்டி, "உது எங்கடை ஆடாதோடை, உவை தெரியாமல் வளர்க்கினம்" என்பார். நான் திருத்தப் போவதில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிதர், நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறார். செடிகளுக்குப் பெயர் வைத்தாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். அப்படி விட்டது எவ்வளவு பிழை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பின்வளவுக்கும் பக்கத்து வீட்டுப் பின்வளவுக்கும் நடுவில் ஒரு கம்பிவலை வேலி. அந்தப் பக்கம் இருப்பவர் மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா. நானும் அவரும் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் ஒரே பெல்ட்டில் நின்று பணிஸ் பொதி செய்தவர்கள். அவர் ஓய்வுபெற்றுவிட்டார், நான் இன்னும் போய்வருகிறேன். கணவர் தவறிய பிறகு அந்த வீட்டில் அவர் தனியே இருக்கிறார். ஒரே மகன் கல்கரியில்.

வேலியின் ஒரு மூலையில் கம்பிவலை கழன்று ஒரு ஓட்டை உண்டு. அதை நாங்கள் யாரும் திருத்தவில்லை, திருத்தவும் விடமாட்டோம். பின்னேரம் வேலையால் வந்து நான் தேத்தண்ணி போட்டால் இரண்டு கோப்பை போடுவேன். ஒன்று அந்த ஓட்டையால் போகும். பதிலுக்கு ஓட்டையால் வருவது மீன் குழம்பு. வெள்ளிக்கிழமை எங்களுக்கு மரக்கறி நாள், கத்தோலிக்க வேதக்காரரான அக்காவுக்கோ அது கட்டாயம் மீன் நாள். ஆகவே வெள்ளி மட்டும் ஓட்டைக்கு அரைநாள் லீவு, தேத்தண்ணி மட்டும் போகும். பேக்கரியில் வாய் திறக்க விடாத சுப்பர்வைசரைப் பற்றி அன்று பேச முடியாததையெல்லாம் அந்த ஓட்டையடியில் இப்போது ஆற அமரப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அக்காவின் ஷெட்டுக்குப் பின்னால், வேலியோடு ஒட்டி, ஒரு செடி ஆளுயரத்துக்கு நின்றது. எப்படி வந்ததென்று அவருக்கும் தெரியாது. ஒரு இலையுதிர்காலச் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் அதை எட்டிப் பார்த்தார். சின்னச் சின்ன இலைகள், ஈர்க்கின் இரண்டு பக்கமும் சோடி சோடியாக. அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"இஞ்சேரும், ஓடிவாரும். சீமைக்கிளுவை!"

ஊரில் வேலிக்குத் தடி வெட்டி நடுகிற மரம் அது. நான் போய்ப் பார்த்தேன். "சீமைக்கிளுவைக்கு முள்ளு இல்லையேப்பா. உதிலை முள்ளெல்லோ கிடக்கு."

"குளிருக்கு முள்ளு வந்திருக்கும்" என்றார்.

இந்தப் பதிலோடு நான் வீட்டுக்குள் போயிருக்கக் கூடாது. சட்டியில் கறி கொதித்ததால் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அக்காவிடம் அனுமதி கேட்டு, அக்காவும் "வெட்டு தம்பி, எனக்கு உதாலை என்ன பிரியோசனம்" என்று சொல்லி, செடியை அடியோடு வெட்டியாகிவிட்டது. தடிகளைக் கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நறுக்கி, அடியைச் சரிவாகச் சீவி, புல்லில் வரிசையாகக் கிடத்தியிருந்தார். கம்பிவலை வேலி வேலியே இல்லையாம். வேலி என்றால் இப்படிப் பச்சைத் தடியைக் கதியாலாக நட்டு, அது துளிர்த்து, பச்சையாக நிற்க வேண்டுமாம். எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறியது. ஒரு தடி கையில் கிடைத்தால் அதை எங்கே ஊன்றலாம் என்றுதான் கண் தேடும்.

கதியாலின் வெட்டு முனை காயாமல் இருக்கச் சாணி வைக்க வேண்டும். அஜின்கோர்ட்டில் சாணிக்கு எங்கே போவது? கடையில் மூட்டையில் விற்கிற செம்மறி எருவை வாங்கி வந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒவ்வொரு கதியாலின் தலையிலும் தொப்பி மாதிரி வைத்தார். வேலி நெடுகத் தொப்பி போட்ட தடிகள் நின்றன. பின்பக்க நடைபாதையால் நாயோடு போன ஒரு சீனத்து அம்மா நின்று நிதானமாகப் பார்த்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அது அனுதாபம் என்றுதான் நினைக்கிறேன்.

பனி வந்தது, தொப்பிகளுக்கு மேல் வெள்ளைத் தொப்பி வைத்தது, போனது. வசந்தம் தொடங்கி ஒரு காலையில் பின்வளவிலிருந்து வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"பிடிச்சிட்டுது! பிடிச்சிட்டுது!"

யாரோ கள்ளனைப் பிடித்துவிட்டார் என்று நினைத்து இரவுடுப்போடு ஓடினேன். கதியால் அடியெல்லாம் பச்சைத் துளிர். மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காணி வாங்கினவர்போல நின்றார். அக்காவும் ஓட்டையால் எட்டிப் பார்த்து, "தம்பிக்குக் கைராசி" என்றார். அன்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. துளிர் கதியால் அடியில் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. புல்லின் நடுவில் வந்தது. சீமெந்துக் கல்லுகளின் இடுக்கால் வந்தது. நான் மிளகாய் வைத்திருந்த சாடியின் அடித்துவாரத்தால் நுழைந்து, மிளகாயைத் தள்ளிவிட்டு மேலே வந்து நின்றது. துணி காயவைக்கும் மெஷினின் காற்றுக் குழாயடியிலும் ஒன்று எட்டிப் பார்த்தது. அக்காவின் பக்கம் ஷெட்டைச் சுற்றி ஒரு பற்றையே கிளம்பிவிட்டது.

யூனிவர்சிட்டியில் படிக்கும் எங்கள் மகள் அந்த வாரக்கடைசி வீட்டுக்கு வந்திருந்தாள். வெளியே போய் இலையைப் போனால் படம் பிடித்தாள். கதியால் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். அது சுகமாகக் கழன்று வந்தது. வேரும் இல்லை, துளிரும் இல்லை, விறகுக்கட்டை.

"அப்பா, உங்கடை தடி எல்லாம் டெட். இது கீழ இருக்கிற வேரிலயிருந்து வருது. பிளாக் லோக்கஸ்ட். இன்வேசிவ். பெரிய செடியை வெட்டினபடியால்தான் வேர் பானிக் ஆகி எல்லா இடமும் முளைக்குது."

"உன்ரை போனுக்கு யாழ்ப்பாணம் தெரியுமோ?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"அப்பா, ப்ளீஸ்."

அவள் வாசித்துச் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். இது வேலமரத்துக்குத் தூரத்துச் சொந்தம்போலத் தெரிந்தாலும் வேலமரம் இல்லை. விஞ்ஞானப் பெயரிலேயே பொய் வேலமரம் என்ற கருத்து இருக்கிறதாம். இந்தப் பக்கத்துச் செடியும் இல்லை, வேறெங்கிருந்தோ கொண்டுவந்து நட்டார்கள், இப்போது போகச் சொன்னால் போகாது. "எங்களைப் போலத்தான்" என்றார் வீட்டுக்காரர். நான் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பிறகு தொடங்கியது யுத்தம். வீட்டுக்காரரின் முதல் யோசனை ஆடு. ஊரில் என்றால் ஒரு ஆடு இரண்டு நாளில் இதை மொட்டையடித்துவிடுமாம். "கனடாவிலை எல்லாம் இருக்கு, ஒரு ஆடு இல்லை" என்று பெருமூச்சு விட்டார். அதோடு நிற்காமல் மாநகரசபைக்குப் போன் எடுத்து ஆடு வளர்க்கலாமா என்று கேட்டார். கூடாதாம். ஒரு பின்னேரம் மட்டும் விருந்தாளியாக வந்து போகலாமா என்று கேட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் பெயரையும் விலாசத்தையும் கேட்டாராம்.

இரண்டாவது யோசனை உப்பு. உப்பைக் கரைத்து வாளி வாளியாக ஊற்றினார். புல் செத்தது. என் மிளகாய் செத்தது. பொய் வேலமரம் இன்னும் இரண்டு இலை கூட விட்டது. அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வீட்டுக்காரர் பஸ்ஸுக்குப் பெற்றோல் அடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனார். அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூட பஸ் ஓடுவதில்லை.

அதன் பிறகு தலைமையை நான் எடுத்துக்கொண்டேன். மகள் சொன்ன வழி இதுதான்: தோண்டக்கூடிய வேரைத் தோண்டு, தோண்ட முடியாததன் துளிரை வரவர ஒடி, மேலே கறுத்தத் தடித்த பிளாஸ்டிக்கை விரித்துக் கல் வை. வெயிலும் இல்லாமல் இலையும் இல்லாமல் வேர் பட்டினி கிடந்து சாகும். பொறுமைதான் முக்கியமாம். என்னிடம் பொறுமை இல்லை, கோபம் இருந்தது. வேர் தோண்டுவதற்கு அதுவும் நல்ல சாமான்தான்.

எங்கள் பக்கம் ஒருவாறு அடங்கத் தொடங்கிய ஒரு பின்னேரம், அக்கா ஓட்டையடியில் தேத்தண்ணியை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, மகன் கல்கரிக்கு வரச்சொல்லுறான். வீட்டை விக்கட்டாம்."

என் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டேன்.

"அவன் சொல்லி ஒரு ஏஜென்ற் வந்து பாத்தவர். உந்தப் பத்தையைக் கண்டிட்டு, உதைத் துப்புரவாக்கினால்தான் வீட்டுக்கு முன்னாலை விக்கிற போர்ட் நடலாம் எண்டு சொல்லிப்போட்டார்."

"நீங்கள் மகனுக்கு என்ன சொன்னீங்கள்?"

"ஓம் எண்டுதான் சொன்னன். ஆசையாக் கேக்கிறான்."

கல்கரியை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்த ஊரைப் பிடிக்காது. அந்த மகனையும் பிடிக்கவில்லை. நல்ல பிள்ளை, வந்தால் எங்களுக்கும் சொக்லேட் கொண்டுவருவான், ஆனாலும் பிடிக்கவில்லை. அக்கா போனால் அந்த வீட்டுக்கு யார் வருவார்கள்? முதலில் ஓட்டையை அடைக்கிற ஆள்தான் வரும். நான் இரண்டு கோப்பை தேத்தண்ணி போட்டு என்ன செய்வது? குசினியில் நின்று அழுதேன். வீட்டுக்காரர் வெங்காயம் என்று நினைத்தார். அவர் அப்படித்தான்.

விஷயத்தைச் சொன்னபோது அவருக்கும் கவலைதான். கவலைப்பட்டால் ஏதாவது உபகாரம் செய்யாமல் அவரால் இருக்க முடியாது. வேலியடிக்குப் போய், "அக்கா, உங்கடை பக்கத்தையும் நாங்களே துப்புரவாக்கித் தாறம். உது நான் வெட்டினதாலை வந்த வினை" என்றார். பிடரியில் ஒன்று போடலாமா என்று எனக்கு வந்தது. ஆனால் சொன்னது நியாயம். அக்காவுக்கு இத்தனை காலத்தில் நான் செய்யக்கூடிய பெரிய உதவி அவரை அனுப்பிவைப்பதற்கான உதவியாகத்தானா இருக்க வேண்டும்?

கோடை முழுக்க ஒவ்வொரு சனியும் அக்காவின் பின்வளவில் தோண்டினோம். நான் மண்வெட்டியோடு, வீட்டுக்காரர் அலவாங்கோடு. அலவாங்கு என்றால் ஒரு கட்டுமானக் கடையில் வாங்கிய நீண்ட இரும்புக்கம்பி, ஆனால் அவருக்கு அது அலவாங்குதான். அக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, "மெதுவாச் செய்யும் பிள்ளை, அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். தோண்டி, ஒடித்து, பிளாஸ்டிக் விரித்து, கல் வைத்துவிட்டு வருவோம். அடுத்த சனி போனால் பிளாஸ்டிக் ஒருபக்கம் விலகிக் கிடக்கும். கீழே துளிர்கள் கரும்பச்சையில், கொழுகொழு என்று நிற்கும். எங்கள் பக்கத்துத் துளிர்கள் வெளிறி, நோஞ்சானாகிச் செத்துக்கொண்டிருந்தன. அதே செடி, அதே வேர், அதே பிளாஸ்டிக்.

ரக்கூன்கள் வேறு வந்தன. ஷெட்டைச் சுற்றி மண்ணைக் கிளறிப் போட்டிருந்தன. காலையில் என் குசினி யன்னலால் பார்த்தால், ஒரு தடித்த ரக்கூன் அந்தச் செடியடியில் இருந்து கையை நக்கிக்கொண்டிருக்கும்.

"ரக்கூன்தான் பிளாஸ்டிக்கை இழுக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"ரக்கூன் கல்லைத் தூக்கிப் பக்கத்திலை ஒழுங்கா அடுக்கியும் வைக்குமோ?"

"கனடா ரக்கூன், ஒழுங்கானதுதான்."

எனக்கு இடுப்பு பிடித்துவிட்டது. மருந்துப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் பேக்கரிக்குப் போனேன். ஒருநாள் பெல்ட் பழுதாகி, மத்தியானமே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போதே, அக்காவோடு இருந்து பேச இன்னும் கொஞ்ச நேரம் கூடக் கிடைத்ததே என்று நினைத்தேன். போகப்போகிறவர் அல்லவா. தேத்தண்ணி போட்டுக்கொண்டு பின்வளவுக்கு வந்தேன்.

அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஷெட்டடியில் குனிந்து நின்றார். கல்லுகள் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. பிளாஸ்டிக் மடித்திருந்தது. கையில் வாளி. வாளியிலிருந்து சிவப்புக் கலந்த தண்ணீரை ஒவ்வொரு துளிரின் அடியிலும் அளவாக, பக்குவமாக ஊற்றிக்கொண்டிருந்தார். மீன் செதில்கள் வெயிலில் மினுங்கின.

"குடி ராசா, குடி" என்று செடியிடம் சொன்னார். "நேற்றுச் சூடை. இண்டைக்கு விளைமீன்."

எங்கள் ஆட்களில் யாருக்குத் தெரியாது? முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ரோசாவுக்கும் மீன் கழுவின தண்ணியைப்போல ஒரு பசளை இல்லை. வாடிக் கிடப்பதும் எழும்பி நிற்கும். நான் பட்டினி போட்ட செடிக்கு இவர் நாள்தோறும் விருந்து வைத்திருக்கிறார்!

"அக்கா!"

வாளி விழுந்தது. அக்கா திரும்பி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பிள்ளை... வேலைக்குப் போகேல்லையே?"

"உது என்ன செய்யிறியள்?"

"மீன் தண்ணி. குசினிச் சிங்கிலை ஊத்தினால் மணக்கும் எண்டு..."

"அதுக்குக் கல்லைத் தூக்கி, பிளாஸ்டிக்கை மடிச்சு, சாப்பாடு தீத்துறியளோ?"

நான் கத்தினேன். உள்ளதைச் சொல்வதென்றால், வேலிக் கம்பியில் காலை வைத்து ஏறி நின்று கத்தினேன். என் இடுப்புக்கு யார் பதில் சொல்வது, என் சனிக்கிழமைகளுக்கு யார் பதில் சொல்வது, ஒட்டிய மருந்துப் பிளாஸ்டர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அக்கா விழுந்த வாளியை நிமிர்த்தி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"உது நிக்குமட்டும் போர்ட் நடேலாது எண்டு அந்த ஏஜென்ற் சொன்னவர் எல்லே."

கம்பியில் நின்றபடியே எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. வாழ்க்கையில் ஒரு வாளி மீன் தண்ணீரைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னால் நீர் அவனோடை சண்டைக்குப் போவீர்."

அது உண்மை. இப்போதும் போகத் தயாராகத்தான் இருந்தேன். "போனை எடுங்கோ. இப்ப, எனக்கு முன்னாலை எடுத்துச் சொல்லுங்கோ" என்றேன். அக்காவின் கை மீன் தண்ணீரில் நனைந்திருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"தம்பி, எனக்கு அங்கை வர விருப்பமில்லையடா."

"அப்ப ஏன் அம்மா ஓம் எண்டு சொன்னீங்கள்?"

"நீ ஆசையாக் கேட்டாய்."

"நான் நீங்கள் தனிய இருக்கிறியள் எண்டுதான் கேட்டனான்."

"நான் தனியவோ?" அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உந்தா, வேலிக்கு மேலை ஏறி நிண்டு ஒருத்தி என்னை இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டு நிக்கிறாள். கேக்கேல்லையே உனக்கு?"

அந்தப் பக்கம் அவன் சிரித்தது கேட்டது. "சரி அம்மா, இருங்கோ" என்றான். அந்தப் பிள்ளையை எனக்கு மறுபடியும் பிடித்துவிட்டது. கல்கரியைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

இப்போது பிரச்சினை வேறு. அக்கா இருக்கப் போகிறார் என்றால் அந்தச் செடி போகத்தான் வேண்டும். ஒரு கோடை முழுக்கச் சூடையும் விளைமீனும் தின்ற வேர் அது. ஷெட்டுக்குக் கீழால் போய் அடுத்த பக்கத்தால் தலைகாட்டுகிறது. மீன் தண்ணீர் இப்போது ஓட்டையால் எங்கள் பக்கம் வந்து நான் புதிதாக வைத்த மிளகாய்க்குப் போகிறது. ரக்கூன்களும் அதன் பின்னால் எங்கள் பக்கம் குடிவந்துவிட்டன. வீட்டுக்காரர் மட்டும் இன்னும் தோற்கவில்லை. "இது குளிர்நாட்டுச் சீமைக்கிளுவை, அவ்வளவுதான்" என்கிறார்.

போன சனிக்கிழமையும் தோண்டினோம். என் தொடையளவு வேர் ஒன்று. மண்வெட்டி பட்டுத் தெறித்தது. மூச்சு வாங்கி நிமிர்ந்து, "பனி விழ முதல் உதை முடிச்சுப்போட வேணும் அக்கா" என்றேன்.

அக்கா பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவசரமில்லை பிள்ளை" என்றார். "நான் இஞ்சைதானே இருக்கப்போறன்."